பிளந்த நுனி ஒட்டுமா?

கேள்வி: அடிக்கடி ஸ்ட்ரெய்ட்னிங் செய்ததில் முடி நுனி பிளந்து, சீவினாலே உடைகிறது. எந்த எண்ணெய் தேய்த்தால் சரியாகும்?

பதில்: பிளந்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. வெளியே தெரியும் முடி உயிரற்ற கெரட்டின் புரதம்; தோலைப்போல் தானாக ஆறாது. பிளவு மேலேறுமுன் நுனியை வெட்டிவிடுவதே வழி. மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், கவலை வேண்டாம்.

மிச்சமுள்ள முடியைக் காக்கத் தேங்காய் எண்ணெய் உண்மையிலேயே உதவும். 2003-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் இரண்டும் கைவிட்டன. தேங்காய் எண்ணெய் மட்டுமே புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலக் கொழுப்பு முடித்தண்டுக்குள் ஊடுருவுகிறது. தலைக்குக் குளிக்குமுன் தடவுவது நல்லது.

ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தண்டுக்குள் குமிழிகள் உண்டாகும். அந்த இடத்தில்தான் முடி முறியும். சிக்கெடுப்பதும் பெரிய பல் சீப்பால், நுனியிலிருந்து.