பெயர் கேளாத நன்மைகள்



உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பாவனைகள் கூறப்பட்டுள்ளன. எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி, குணத்தால் மேம்பட்டோரிடத்துப் பிரமோதம், துன்புறுவோரிடத்துக் காருண்யம், நல்லுரை ஏலாதாரிடத்து மாத்தியஸ்தம் என்பன அவை. இவற்றுள் மைத்திரியையும் காருண்யத்தையும் பற்றி நம் இல்லங்களில் ஓரளவு பேசுகிறோம். பிரமோதத்தைப் பற்றிப் பேசுவது அரிதாகவே இருக்கிறது. பிறருடைய நற்குணத்தைக் கண்டவிடத்து உள்ளம் மலர்வதே பிரமோதம்.

குணத்தால் மேம்பட்டோர் என்றவுடன் நம் நினைவு முனிவர்களிடமே செல்கிறது. அது முறையே. ஆயினும், கோடை வெயிலில் முன்பின் அறியாத ஒருவருக்குத் தம் வீட்டுச் செம்பில் நீர் மொண்டு தருபவர், அந்தக் கணத்தில், சும்மா பார்த்துக்கொண்டு செல்லும் என்னைவிடக் குணத்தால் மேம்பட்டவர்தாமே? அவரைக் கண்டு மகிழ வேண்டுமாயின் முதலில் அவர் நம் கண்ணில் பட வேண்டும். அதற்குக் கண்ணைப் பழக்க வேண்டியிருக்கிறது.

இதனை நான் கற்றது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில். உடன் பயிலும் மாணவி பாடம் நடத்துவாள். ஏனையோர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு முறை நான் பதினொரு பிழைகளைக் கண்டுபிடித்து வரிசையாக எழுதிப் பெருமையுடன் நீட்டினேன். எங்கள் விரிவுரையாளர் அம்மையார் அதைப் படித்துவிட்டு, "குழந்தைகள் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதை எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். ஓரிடத்திலும் எழுதவில்லை. அந்தக் கேள்வி இன்றும் என் காதில் நிற்கிறது. நின்றும் என்ன பயன்? பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகள் சிவப்பு மையைத்தான் அதிகம் செலவழித்தேன்.

ஓய்வு பெற்ற பின், விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகளிடம் ஒரு பயிற்சியைத் தொடங்கினேன். பொழுது சாய்வதற்கு முன் உணவை முடித்து, விளக்கேற்றியதும் கூடத்தில் அமர்வோம். அன்றைய தினம், பெயர் தெரியாத ஒருவர் பெயர் தெரியாத மற்றோர் உயிருக்குச் செய்த நன்மை ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். தான் செய்ததைச் சொல்லக் கூடாது. "நல்லவர்", "இரக்கமுள்ளவர்" என்று பொதுப்படச் சொல்லுதலும் கூடாது. எந்த இடம், கை என்ன செய்தது, செய்தவருக்கு அதனால் என்ன குறைந்தது என்று சொல்ல வேண்டும்.

முதல் நான்கு நாள்களும், "ஒன்றும் இல்லை பாட்டி" என்பதே விடை. பெற்றோர்கள் இவ்விடத்தில் பொறுமை இழந்துவிடுதல் ஆகாது. ஐந்தாம் நாள், நடுப்பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தான். பேருந்து புறப்பட்ட பின்னும் ஒரு முதியவர் கைத்தடியுடன் விரைந்து வருவதைக் கண்ணாடியில் கண்ட ஓட்டுநர் வண்டியை நிறுத்தினாராம். "அவருக்கு என்ன குறைந்தது?" என்றேன். "பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள், அதை வாங்கிக்கொண்டார்" என்றான். அதன் பின் தடையில்லை. காய்கறி விற்கும் அம்மாள் ஒரு சிறுமிக்கு நிறுத்த பின்னும் ஒரு கைப்பிடிக் கீரை சேர்த்தது. மழைக்காலத்தில் தெருவைக் கடந்த மரவட்டையை ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கிக் காகிதத்தில் ஏந்தி ஓரத்தில் விட்டது. அவர் ஜினாலயம் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார். அபயதானம் என்ற சொல்லையும் கேட்டிருக்க மாட்டார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தானத்தை விளம்பரப்படுத்தலாமா? தன்னுடையதை ஆகாது. இக்காலத்தில் உணவுப் பொட்டலம் ஒன்றைக் கொடுக்கும்போதும் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். பெற்றுக்கொள்பவர் முகத்தைத் தாழ்த்திக்கொள்வதும் அப்படத்தில் பதிவாகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. பிறருடைய நற்செயலைச் சொல்லுதல் இதனின் வேறானது. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகைத்தளத்தில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துகள் உள்ளன. அங்கே நாம் காணும் பெயர்களுள் உப்பு விற்றவர் ஒருவர். கொழு விற்றவர் ஒருவர். அறுவை விற்றவர் ஒருவர். இன்ன வணிகர் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. ஊர் ஊராய் வந்து தங்கிய துறவியர்க்கான அவ்விடத்தில் அவர்கள் பெயர் எழுதப்பட்டிருத்தலால், உப்பு வணிகரின் அறத்தை நாம் இன்று நினைக்கிறோம்.

அதே சூத்திர நூலின் ஆறாம் அத்தியாயம் நீசகோத்திரக் கருமத்திற்குரிய காரணங்களைக் கூறுகிறது. பிறரை இகழ்தல், தன்னைப் புகழ்தல் என்பவற்றோடு, பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைத்தலும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளது. முதலிரண்டையும் எவரும் ஒப்புக்கொள்வர். மூன்றாவதை நான் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1988-ஆம் ஆண்டு, ஒரு கூட்டத்திற்குச் சென்றுவிட்டுத் திண்டிவனத்திலிருந்து வந்தவாசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிமேடுபேட்டையைத் தாண்டிப் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. காலையில் உண்டதுதான். பொழுதுக்குள் வீடு சேராவிட்டால் மறுநாள் காலை வரை உணவில்லை என்று பக்கத்து இருக்கை அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் மற்றொரு பேருந்து வந்து சிறிது தூரம் தள்ளி நின்றது. எல்லாரும் ஓடினார்கள். அப்போது ஓர் இளைஞன் என் காலடியில் இருந்த பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். "திருடன், திருடன்!" என்று கத்தினேன். இருவர் அவனைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தார்கள்.

பை அவன் கையில் இல்லை. சன்னல் வழியாக ஓர் இருக்கையின் மீது அதை வைத்திருந்தான். "இடம் பிடிக்கத்தாம்மா ஓடினேன். பொழுதோட சாப்பிடணும்னு சொன்னீங்களே" என்றான். நடத்துநர் அவசரப்படுத்தினார். நான் ஏறி அமர்ந்தேன். வண்டி நிறைந்துவிட்டதால் அவன் சாலையிலேயே நின்றுவிட்டான். பொழுதுக்கு முன் வீடு சேர்ந்து உண்டேன். "வண்டி பழுதாகிவிட்டது" என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.

பல ஆண்டுகள் அதை எவரிடமும் கூறவில்லை. குற்றத்தை மறைப்பது உபகூகனம் அல்லவா என்று என்னையே தேற்றிக்கொண்டதும் உண்டு. உபகூகனம் பிறர் குற்றத்தை மறைப்பது. நானோ என் குற்றத்தை மறைத்தேன். அதனோடு அவன் குணத்தையும் சேர்த்து மறைத்துவிட்டேன்.

சென்ற கோடை விடுமுறையில் விளக்கடியில் என் முறை வந்தபோது இதனைச் சொன்னேன். குழந்தைகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நடுப்பிள்ளை தன் வழக்கப்படியே கேட்டான்: "அவருக்கு என்ன குறைந்தது பாட்டி?" இருக்கை, அன்று மாலைப் பயணம், இரண்டு அறை என்று எண்ணிச் சொன்னேன். "நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களா?" என்றாள் சிறியவள்.

"இல்லை" என்றேன்.