பட்டிவாளைப் பூட்டிச் செவ்வைபார்த்தல்

நிலை, யன்னல், கதிரை, மண்வெட்டிப்பிடி என்று எதைச் செய்வதானாலும் முதலில் மரம் அரிய வேண்டும். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் சில சேர்ந்து நடத்தும் தச்சுப் பட்டறைகளுக்கு நாம் போகும்போது, அங்கே பட்டிவாள் இயந்திரம் ஒன்று நிற்பதைக் காண்கிறோம். பட்டறைக்காரர் 'பான்ட் சோ' என்று சொல்வது இதைத்தான். மேலே ஒரு சில்லு, கீழே ஒரு சில்லு; இரண்டையும் சுற்றி ஓடும் பல்லுள்ள உருக்குப் பட்டிதான் வாள். வட்டவாளால் அரிந்தால் ஒவ்வோர் அரிவுக்கும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் மரம் தூளாகிப் போகும். சிறிய பட்டிவாளில் 1 மில்லிமீற்றர் அளவே போகும். பணம் கொடுத்து மரம் வாங்குபவருக்கு இது சிறிய இலாபமல்ல.

ஆனால் ஒரு பட்டறையில் ஒரே வாரத்தில் மூன்று வாள்கள் அறுந்தன. வெங்காயமும் புகையிலையும் செய்து வந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். வாள் மலிவுச் சாமான், அதுதான் அறுகிறது என்றார்கள். நாமும் அதை நம்பி, விலை கூடிய வாளுக்குப் பணம் தேட ஆயத்தமானோம். அந்த நேரம் பக்கத்து வளவிலிருந்து வந்த வயோதிப ஓடாவி ஒருவர் இயந்திரத்தின் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பியவை, வாளைக் குறை சொல்லாதேங்கோ. மாடு கோணலா இழுத்தா, கலப்பையை அமத்திப் பிடிச்சு நேராக்கேலுமே? நுகத்தையெல்லோ பாக்க வேணும்!"

பிழை எங்கே இருந்தது? வாள் எந்தப் பாதையில் ஓடுவது என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு சில்லுகளுமே. வாளின் இருபக்கமும் உள்ள தாங்கிக் கட்டைகள், மரம் தள்ளும்போது வாள் விலகாமல் பிடிப்பதற்கு மட்டும் உள்ளவை. அந்தப் பிள்ளைகளோ சில்லைச் சரிசெய்யாமல், கட்டைகளை இறுக்கி வாளை நேராக்கப் பார்த்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வாள் உரசிச் சூடேறி, முதுகில் வெடிப்பு விழுந்து அறுந்துவிடும். எனவே முதலில் இழுவை, அடுத்துச் சில்லின் சரிவு, அதன் பின்னரே கட்டைகள். இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

வேலை தொடங்கமுன் ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்செருகியைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியுமிடத்தில் வையுங்கள். இயந்திரம் வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்ததானால் மோட்டரிலுள்ள தகட்டையும் வாசியுங்கள். 110 வோல்ற் என்றிருந்தால் எமது 230 வோல்ற் மின்சாரத்தை நேரே கொடுத்தால் மோட்டர் எரிந்துபோகும்.

மேசைக்கு மேலும் கீழும் உள்ள தாங்கிக் கட்டைகள் எல்லாவற்றையும் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளுங்கள். சில்லின் இறப்பரில் ஒட்டியிருக்கும் தூளையும் மரப்பாலையும் மரச்சிராய் ஒன்றால் சுரண்டி எடுங்கள். இறப்பர் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். புதிய வாள் மூன்று சுற்றாக மடித்துக் கட்டப்பட்டிருக்கும். கட்டை அவிழ்த்ததும் அது பாய்ந்து விரியும். கையுறை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்து அவிழ்க்க வேண்டும். பூட்டும்போது பற்கள் உங்களை நோக்கியும், மேசைப் பக்கமாகக் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் மேல்நோக்கியே நின்றால், சட்டைக் கையைப் புரட்டுவதுபோல வாளை உள்வெளியாகப் புரட்டிவிடுங்கள்.

இனி இழுவை. மேற்சில்லை உயர்த்தும் பிடியைத் திருகினால் வாள் இறுகும். எவ்வளவு இறுக்குவது? இயந்திரத்தில் அளவுகோல் இருந்தாலும், பழைய சுருள்வில் தளர்ந்திருக்கும், அளவு பொய் சொல்லும். மேல்தாங்கியை மேசையிலிருந்து 6 அங்குலம் உயர்த்தி, வாளின் தட்டையான பக்கத்தை விரலால் ஓரளவு அழுத்திப் பாருங்கள். கால் அங்குலம் அளவுக்கு வளைந்தால் போதிய இறுக்கம். அதற்கு மேல் வளைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். நீரிறைக்கும் இயந்திரத்தின் பட்டியை அழுத்திப் பார்த்துப் பழகிய கைக்கு இது புதிய வித்தையல்ல.

அடுத்து, மேற்சில்லைக் கையால் மெல்ல முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே, அதன் பின்புறமுள்ள சரிவுத் திருகாணியைக் கால்வாசிச் சுற்றாகத் திருப்புங்கள். சற்றுப் பொறுத்து, வாள் எந்தப் பக்கம் நகர்கிறதென்று பாருங்கள். அவசரப்படுபவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். அநேகமான சிறிய இயந்திரங்களில் இறப்பரின் நடு சற்று உயர்ந்திருக்கும். வாள் அந்த நடுவில் ஓட வேண்டும். சில பெரிய இயந்திரங்களில் இறப்பர் தட்டையானது; அவற்றுக்கு இயந்திரத்தோடு வந்த குறிப்பில் சொன்ன இடமே இடம். வாள் ஒரே இடத்தில் நின்று ஓடத் தொடங்கியதும் பூட்டு நட்டை இறுக்குங்கள். பின்னர் இழுவையை மாற்றினால் இந்த ஓட்டத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கட்டைகளுக்கு இப்போதுதான் முறை வருகிறது. வாளுக்கும் பக்கக் கட்டைக்கும் நடுவே ஒரு கடதாசித் தாள் நுழையும் இடைவெளி போதும். கட்டையின் முன்விளிம்பு பற்களின் அடிக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். பல்லைத் தொட்டால் பல்லின் விரிவு ஒரு நொடியில் கெட்டுவிடும். வாளின் முதுகுக்குப் பின்னுள்ள பெயாரிங்குக்கும் மயிரிழை இடைவெளி விடுங்கள். வாள் சும்மா ஓடும்போது அது சுற்றக் கூடாது, மரம் தள்ளும்போது மட்டும் சுற்ற வேண்டும். இவ்வளவையும் மேசைக்குக் கீழேயும் செய்ய வேண்டும். குனிந்து பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. அந்தப் பட்டறையிலும் வாளைக் கவ்விப் பிடித்திருந்தது கீழ்க்கட்டைதான்.

மூலைமட்டத்தை மேசையில் வைத்து, பற்களைத் தொடாமல் வாளின் பக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். நேர்கோணமாக இருந்தால் கதவுகளை மூடி, இணைப்பைக் கொடுத்து, ஒரு கணம் ஓடவிட்டு நிறுத்துங்கள். 'டக், டக்' என்று ஒழுங்காகச் சத்தம் வந்தால் வாளில் வெடிப்பு உண்டு, அல்லது ஒட்டு சரியில்லை. இந்த ஒட்டுத்தான் பட்டிவாளின் பழைய வியாதி. பிரித்தானியாவில் வில்லியம் நியூபெரி என்பவர் 1809இல் இதற்குக் காப்புரிமை பெற்றும், ஒட்டு நிலைக்காததால் பயன் கிடைக்கவில்லை. 1846இல் கிரெப்பான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி நல்ல ஒட்டுமுறையைக் கண்ட பிறகே இது தொழிலுக்கு வந்தது.

கழிவுப் பலகை ஒன்றில் நேர்கோடு கீறி, கையால் பிடித்து அரிந்து பாருங்கள். கோட்டின் வழியே போகப் பலகையைச் சற்றுச் சரித்துத் தள்ள வேண்டியிருந்தால் அது வாளின் குணம். பாதியில் நிறுத்தி, அந்தச் சரிவை மேசையில் குறித்து, அணைப்புப் பலகையை அதே சரிவில் பூட்டினால் அரிவு நேராக வரும்.

தடித்த மரத்தைப் பலகையாகப் பிளக்க அகன்ற, பல் ஐதான வாள் நல்லது. வளைவுக்கு ஒடுங்கியது வேண்டும்: கால் அங்குல வாள் ஐந்தெட்டு அங்குல ஆரைவரை திரும்பும், அரை அங்குல வாளுக்கு இரண்டரை அங்குலம் வேண்டும். பனையும் தென்னையும் பல்லைச் சீக்கிரம் மழுக்கும்.

எமது பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. 2009 வரை சண்டை நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள் சன்னமும் செல்துண்டும் புதைந்திருக்கலாம். பட்டையில் பழைய வடு, மரத்தில் கறுத்த கறை இருந்தால் நின்று பாருங்கள். காந்தம் கொஞ்சம் உதவும், ஆனால் ஈயமும் செம்பும் காந்தத்துக்கு அகப்படா. வெடிக்காத பொருள்போல ஏதும் தெரிந்தால் தொடாமல் விலகி, உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும்.

விரல் போனால் உழவும் போகும். மேல்தாங்கியை மரத்துக்குக் கால் அங்குலம் மேலே இறக்கி வையுங்கள். கடைசித் துண்டைத் தடியால் தள்ளுங்கள். இயந்திரம் ஓடும்போது கையுறை ஆகாது. உருண்டைக் கட்டையை வெறும் மேசையில் வைத்து அரியாதீர்கள். உருண்டு கையையும் இழுக்கும். வாள் அறுந்தால் நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள், சில்லு நிற்குமுன் கதவைத் திறக்க வேண்டாம்.

வேலை முடிந்து மாலையில் வாளின் இழுவையைத் தளர்த்திவிட்டால் இறப்பரும் சுருள்வில்லும் நெடுநாள் இருக்கும். அப்போது 'வாள் தளர்ந்திருக்கிறது' என்று எழுதிய மட்டை ஒன்றை ஆளியில் கொழுவிவிட்டுப் போங்கள். காலையில் முதலில் வருபவர் நீங்களாக இல்லாமலிருக்கலாம்.