கண்ணாடியைப் பொய்யாக்கியவர்

பள்ளிப் பேச்சுப் போட்டியில் சீன இயற்பியலாளர் சியன்-ஷியுங் வூ பற்றி என் மகள் பேசுகிறாள். மூன்றே நிமிடம். எதைச் சொல்லச் சொல்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பிறந்த ஆண்டு, பட்டம் என்று ஆரம்பித்தால் அதிலேயே மணி அடித்துவிடுவார்கள், அம்மா! நேராக 1956-க்குப் போகச் சொல்லுங்கள். கணவரோடு வெளிநாட்டுப் பயணம் போகக் கப்பல் டிக்கெட் தயார். வூ போகவில்லை, கணவரை மட்டும் அனுப்பிவிட்டு ஒரு சோதனையில் இறங்கினார்.

இயற்கைக்கு இடம், வலம் என்ற பேதமில்லை, கண்ணாடியில் தெரிவதுபோலவும் அப்படியே நடக்கும் என்று இயற்பியலாளர்கள் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் கோபால்ட்-60-ஐக் கிட்டத்தட்ட தனிச்சுழி வெப்பநிலைக்குக் குளிர்வித்து, அணுக்கருக்களைக் காந்தப்புலத்தால் ஒரே பக்கம் திருப்பினார். அந்த நம்பிக்கை சரியென்றால், அவை உமிழும் எலெக்ட்ரான்கள் இருபுறமும் சமமாக வரவேண்டும். ஒரு பக்கமே அதிகம் வந்தன! கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, கொட்டும் பனியில் ரயிலேறி நியூயார்க் திரும்பினார்.

1957-இல் நோபல் பரிசு, அந்த நம்பிக்கை சரிதானா என்று முதலில் சந்தேகம் கிளப்பிய இயற்பியலாளர்கள் லீ, யாங் இருவருக்கும். நிரூபித்தவருக்கு இல்லை. அநியாயம்தான், மகள் தயங்காமல் சொல்லட்டும். 1978-இல்தான் வுல்ஃப் பரிசு வந்தது.

முடிக்க லியூஹே ஊர் போதும். அங்கே வூவின் அப்பா பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளியில்தான் அவர் படித்தார். 1997-இல் இறந்தபின் அஸ்தியை அடக்கம் செய்ததும் அதே பள்ளி முற்றத்தில்.