விழுவதற்கு முந்தைய நிமிடம்

அந்தப் பெரியவர் விழுந்தபோது கட்டிலின் பக்கக் கம்பிகள் இரண்டும் ஏற்றித்தான் இருந்தன. நடுராத்திரி சிறுநீர் முட்டியிருக்கிறது. கீழே பாயில் தூங்கிய மகனை எழுப்ப மனசு வரவில்லை. கம்பிமேல் ஏறி இறங்கப் பார்த்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தது. வேறொரு ஊரில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. நைட் டூட்டி என்னுடையது. பாதுகாப்புக்கு ஏற்றிய கம்பி விழும் உயரத்தைத்தான் கூட்டியது.

பிறகு விருத்தாசலத்துக்கு வந்து நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்ற உலக சுகாதார நிறுவனக் கணக்கை போர்டில் எழுதுவேன். அடுத்து, நோயாளி விழும் ஆபத்தை மதிப்பெண்ணால் கணிக்கும் மோர்ஸ் அளவுகோல்: முன்பு விழுந்திருந்தால் 25, இன்னொரு நோயும் இருந்தால் 15, டிரிப்ஸ் ஏறினால் 20... பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதினார்கள். வார்டுக்குப் போனால், கட்டிலடியில் குறுக்கே கிடக்கும் ரப்பர் செருப்பைத் தாண்டிப் போனார்கள். அதன் பிறகுதான் பாடத்தை நாடகமாக மாற்றினேன்.

பயிற்சிக்கு பொம்மை வைக்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவில் மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் பெண்மணி, 1911இல் ஒரு நர்சிங் பள்ளிக்கு ஆள் உயர பொம்மை செய்து கொடுத்தார். 'மிஸஸ் சேஸ்' என்று அதற்குப் பெயர். பீங்கான் பொம்மைக்குப் பேர்போன எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஆனால் விழாமல் காக்கும் பாடத்துக்கு பொம்மை போதாது. பொம்மைக்கு ஒன்றுக்கு வராது, கூச்சமும் கிடையாது.

அதனால் ஓய்வுபெற்ற ஆயாம்மா ஒருவரை நோயாளியாகப் படுக்க வைத்தேன். சர்க்கரை, இதய நோய், இடது கையில் டிரிப்ஸ், தள்ளாடும் நடை. மாணவி வந்தாள், பி.பி. பார்த்தாள், 15, 20, 20 என்று கூட்டி 55 போட்டாள். பல இடங்களில் 45 தொட்டாலே அதிக ஆபத்து. "பாத்ரூம் போகணும்னா கூப்பிடுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போய் எழுத ஆரம்பித்தாள். நாலு நிமிடத்தில் ஆயாம்மா எழுந்தார். டியூப் இழுத்தது, கால் புடவை ஓரத்தை மிதித்தது. "நில்!" என்று நிறுத்தினேன்.

"ஏன் பாட்டி கூப்பிடல?"

"நீதான் குனிஞ்ச தல நிமிராம எழுதிக்கிட்டு இருந்தியே பாப்பா."

என் பத்து வகுப்பு சொல்லாததை அந்த ஒரு பதில் சொல்லிவிட்டது.

இதை நடத்த நினைப்பவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில:

1. நோயாளியாக நடிப்பவருக்கு ஒரு ரகசியம் கொடுங்கள். 'ஆறு மணிக்கு நீர் போகும் மாத்திரை போட்டாச்சு, ஆனா நீங்களா சொல்லாதீங்க.' அதைக் கேட்டு வாங்குவதுதான் பாடம்.

2. மாணவர்களையே படுக்க வையுங்கள். கண்ணாடியில் வாசலின் பூசி, முட்டியில் கிரேப் பேண்டேஜ் சுற்றி, மங்கல் வெளிச்சத்தில் டிரிப்ஸ் ஸ்டாண்டோடு நடக்கச் சொல்லுங்கள். பையன்களுக்கு வேட்டி. "தரை எங்க இருக்குன்னே தெரியல மிஸ்" என்றான் ஒருவன்.

3. அட்டெண்டர் இல்லாமல் காட்சி வேண்டாம். நம் வார்டில் இரவெல்லாம் கூட இருப்பது வீட்டு ஆள்தான். 'எழுப்பினா கோச்சுக்க மாட்டேன்' என்று அவரையே நோயாளியிடம் சொல்ல வையுங்கள்.

4. எழுப்புவதற்கு அவசரம் கூடாது. முதலில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, தலைசுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். நின்று மூன்று நிமிடத்துக்குள் பி.பி.யின் மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் நடக்க விடக்கூடாது. இந்த இடத்தில் ஒரு மாணவி சொன்னது எனக்கே புதிது. அவள் அம்மா பொம்மைப் பட்டறையில் வேலை பார்ப்பவர். "சூளைக்குப் போகாத பொம்மையைத் தூக்கறதுக்கு முன்னாடியே எங்க வைக்கப் போறோம்னு பாத்துக்கணும்னு அம்மா சொல்லும் மிஸ்." இப்போது நாற்காலியைப் போட்டு, பாத்ரூம் தரை ஈரமா என்று பார்த்த பிறகுதான் நோயாளியைத் தொட விடுகிறேன்.

5. யாரையும் நிஜமாக விழ விடாதீர்கள். பக்கத்தில் ஒரு ஆசிரியர் நிற்கட்டும்.

6. நடிப்புக்குப் பத்து நிமிடம் என்றால் பேச்சுக்கு இருபது. 'யார் தப்பு?' என்று கேட்டால் வாய் மூடிக்கொள்வார்கள். 'அதுக்கு முந்தின நிமிஷம் என்ன பாத்தே?' என்று கேளுங்கள்.

போன பேட்ச் வார்டுக்குப் போன முதல் நாள், தள்ளி நின்று கவனித்தேன். 55 போட்டவள் ஒரு பாட்டியிடம் போனாள். செருப்பைக் காலுக்கு எட்டும்படி திருப்பி வைத்தாள், ஸ்டாண்டை இறங்கும் பக்கம் நகர்த்தினாள். பி.பி. மெஷினை இன்னும் எடுக்கவில்லை.

"பாட்டி, கடைசியா எப்ப பாத்ரூம் போனீங்க?"