கார்பன் ராடு: சூடு காட்டினால் வளையுமா?

1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் பெடல் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அவர் ஓட்டிய ‘காஸமர் அல்பட்ராஸ்’ விமானத்தின் இறக்கை அகலம் ஏறக்குறைய 30 மீட்டர். எடையோ, ஆள் இல்லாமல் 32 கிலோதான். கார்பன் ஃபைபர் குழாய்களே அதன் எலும்புக்கூடு. இன்று மாடல் விமானம், பெரிய பட்டம், எடை குறைந்த கூடாரம் என்று வீட்டில் செய்துபார்ப்பவர்கள் கையிலும் கார்பன் ராடு வந்துவிட்டது. நேராக வைத்துக் கட்டும்வரை தொல்லை இல்லை. வளைக்கப் போகும்போதுதான் சில நம்பிக்கைகள் காலை வாரிவிடுகின்றன.

நம்பிக்கை: மூங்கிலைத் தணலில் வாட்டி வளைப்பதுபோல், ராட்டையும் ஹீட் கன் காட்டி வளைக்கலாம்.

உண்மை: மூங்கிலில் நாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும், ஆறியதும் புது வடிவத்திலேயே இறுகும். கடையில் கிடைக்கும் ராடுகளில் பெரும்பாலும் இழைகளைப் பிணைப்பது எபாக்ஸி அல்லது வைனைல் எஸ்டர் பிசின். ஒருமுறை இறுகினால் இவை மறுபடி உருகுவதில்லை. சூட்டில் சற்றே தளரும். அந்த நேரம் பார்த்து வளைத்தால் உள்வளைவுப் பக்கத்து இழைகள் மடிந்துபோகும். மேலும் சூடேற்றினால் பிசின் கருகி, ராடு இழை இழையாகப் பிரியும். நைலான் போன்ற தெர்மோபிளாஸ்டிக் பிசினில் செய்த ராடுகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றைக் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

நம்பிக்கை: எஃகையே மிஞ்சும் பொருள், எவ்வளவு வளைத்தாலும் தாங்கும்.

உண்மை: எஃகுக் கம்பி வளைத்த இடத்தில் நிற்கும். கார்பன் ஒன்று நிமிரும், இல்லையென்றால் பட்டென்று முறியும். வளைவின் ஆரம் ராட்டின் விட்டத்தைப்போல் 100 மடங்கு இருந்தால், வெளிப்பக்க இழை அரை சதவீதம் நீள்கிறது. அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 50 மடங்கு என்றால் நீட்சி ஒரு சதவீதம். முறிவு வெகுதூரத்தில் இல்லை. ஆக, 4 மி.மீ. ராட்டுக்கு 40 செ.மீ. ஆரம், 2 மி.மீ. ராட்டுக்கு 20 செ.மீ. வளைத்துக் கட்டிய ராடு ஏற்கெனவே பாரம் சுமந்துகொண்டிருக்கிறது. காற்றின் விசை அதற்குமேல்தான் வந்து சேரும்.

நம்பிக்கை: உறுதியான வளைவுக்குத் தடித்த ஒற்றை ராடுதான் சரி.

உண்மை: மெல்லிய பட்டைகள் பலவற்றை அடுக்கி ஒட்டுவதே சரி. பலகையில் வளைவை வரைந்து, கோட்டை ஒட்டி மரக்கட்டைகளைத் திருகிக்கொள்ளுங்கள்; இதுதான் அச்சு. பிசின் ஒட்டாமலிருக்கப் பாலித்தீன் தாள் விரியுங்கள். பட்டைகளின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, எபாக்ஸி தடவி, அச்சோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுகவிடுங்கள். சம தடிமனுள்ள நான்கு பட்டைகளை ஒட்டினால், கிளாம்பைக் கழற்றியதும் வளைவில் பதினாறில் ஒரு பங்குதான் நிமிரும். அந்த அளவு கூடுதலாக அச்சை வளைத்துவிட்டால் கணக்கு நேர். இதைவிட இறுக்கமான வளைவு வேண்டுமா? ராட்டை விட்டுவிட்டு, காய்ந்த கார்பன் இழையை எபாக்ஸியில் நனைத்து அச்சிலேயே இறுகவிடுங்கள்.

நம்பிக்கை: கார்பன் உலோகம் இல்லை; ஷாக் அடிக்காது.

உண்மை: கார்பன் இழை மின்சாரம் கடத்தும். மின்கம்பி போகும் இடத்தருகே கார்பன் ராடு கட்டிய பட்டத்தை விடவே கூடாது. அலுமினியத்தோடு நேராகத் தொடும்படி வைத்தால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் கண்ணாடி இழைத் துணி ஒரு சுற்றுப் போடுங்கள்.

நம்பிக்கை: கட்டிங் பிளேயரால் நறுக்கினால் போதும்.

உண்மை: நறுக்கினால் நுனி நீளவாக்கில் பிளக்கும். வெட்டுமிடத்தில் டேப் சுற்றி, தேய்த்து அறுக்கும் சக்கரத்தால் வெட்டுங்கள். தூள் நுரையீரலுக்கு ஆகாது. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

வளைவு பிசின் இறுகும்போதே அமையவேண்டும். இறுகிய பிறகு திணித்தால் நிலைக்காது. எதைச் செய்தாலும் முதலில் ஒரு மாதிரித் துண்டு செய்து, எடை தொங்கவிட்டு, முறியும்வரை சோதித்துப் பாருங்கள். ஆள் ஏறும் அமைப்பாக இருந்தால், அனுபவமுள்ள ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஏறாதீர்கள்.