குழித்தட்டு நாற்றுக்குக் காவல் நிற்கும் பாக்டீரியா



நிழல்வலைக் குடில் போட்டு, குழித்தட்டில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்து விற்பது குழுவாகச் செய்ய ஏற்ற தொழில். இதில் மண்ணே கிடையாது. மக்கிய தென்னை நார்க்கழிவில்தான் விதைக்கிறோம். "மண்ணே இல்லையே, நோய் எப்படி வரும்?" என்று கேட்கலாம். வரும். சாயங்காலம் நல்லா நின்ற நாற்று, காலையில் தண்டின் அடி அழுகிச் சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். பித்தியம் என்ற கிருமி இதற்கு முக்கியக் காரணம். தேங்கும் தண்ணீர், கழுவாத பழைய தட்டு வழியாக இது பரவும்.

ஒரு தட்டில் 98 குழி என்றால் 100 தட்டில் 9,800 நாற்று. கால் பங்கு சாய்ந்தால் 2,450 நாற்று போச்சு. கடன் தவணை மட்டும் கால் பங்கு குறையாது!

எப்படிக் காக்கிறது?

சூடோமோனாஸ் ப்ளூரசன்ஸ் ஒரு நன்மை செய்யும் பாக்டீரியா. வேரைச் சுற்றிக் குடியேறி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தைத் தான் இழுத்துக்கொள்ளும். கிருமியை அடக்கும் பொருளையும் சுரக்கும். புது நார்க்கழிவு காலி வீடு மாதிரி. முதலில் குடிவருபவர் கைதான் ஓங்கும். அதனால் விதைக்கும்போதே நல்லதைக் குடிவைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

1. பழைய தட்டுகளை நன்றாகக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

2. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள் கலந்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். கலர் பூச்சோடு வரும் கம்பெனி விதையில் ஏற்கெனவே மருந்து இருக்கும். அதற்கு நார்க்கழிவில் மட்டும் கலந்தால் போதும்.

3. நார்க்கழிவில் கலக்க, பாக்கெட்டில் உள்ள அளவைப் பாருங்கள்.

4. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

செய்யக் கூடாதது

இது உயிருள்ள பொருள். காப்பர் மருந்தோடு கலக்காதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள். தேதி முடிந்த பாக்கெட்டை வாங்காதீர்கள். தண்ணீரை அதிகம் ஊற்றினால் எந்த பாக்டீரியாவும் காப்பாற்றாது.

முக்கியமான ஒன்று: இது வருமுன் காப்பது. சாய்ந்த நாற்றை எழுப்பாது. அதைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, தண்ணீரைக் குறையுங்கள். சந்தேகம் இருந்தால் தோட்டக்கலை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச: நம்ம குடிலில் தட்டு கழுவுவது யார் பொறுப்பு? பாக்கெட் தேதியைப் பார்ப்பது யார்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.