மீனைத் தேடிப் போகும் முன்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

டெல்லியின் துவாரகாவில் ஏப்ரல் பிறந்தால் தமிழ்க் குடும்பங்களின் பேச்சு ஊர்ப் பயணத்தில் வந்து நிற்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்ததா, இல்லை விமானமா என்ற கவலைக்கு நடுவில் மீன் ஆசையும் உண்டு. ஆண்டு முழுக்க ரோகுவும் கட்லாவும் தின்று அலுத்த நாக்குக்கு வஞ்சிரம் வேண்டும், நெத்திலி வேண்டும். இப்போது இன்னொரு பயணமும் சேர்ந்திருக்கிறது. பிள்ளை டப்ளினில் படிக்கிறது, பார்க்கப் போகும்போது அயர்லாந்தின் கடலுணவுத் திருவிழா ஒன்றையும் பார்த்துவிட்டு வரலாமே என்று நினைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். இரண்டுமே செலவு பிடிக்கிற பயணம். யாரோ சொன்னதை நம்பித் தேதி குறித்துவிட்டு, போன இடத்தில் கைபிசைந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நம்பிக்கை: பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனால் வேண்டிய மீனை எல்லாம் சாப்பிடலாம்.

டெல்லிப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏறக்குறைய மே நடுவில் தொடங்கி ஜூன் கடைசி வரை நீள்கிறது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை இது. 2017இலிருந்து 61 நாளாக இருக்கிறது. அந்த நாட்களில் காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும்தான் அப்போது வேலை. மே மாதம் முழுக்க ஊரில் இருந்துவிட்டு ‘முன்ன மாதிரி மீன் வரத்தே இல்லை’ என்று வருத்தப்பட்டுத் திரும்புகிறவர்கள் போனது இந்தத் தடைக்காலத்தில்தான்.

வழி இருக்கிறது. ஜூன் 15 முதல் 30 வரை டெல்லிப் பிள்ளைகளுக்கும் விடுமுறை, கிழக்குக் கடலும் திறந்திருக்கும். பயணத்தை அந்தப் பதினாறு நாளுக்குள் வையுங்கள். 15ஆம் தேதியே சென்னையில் இறங்கி மறுநாள் காசிமேட்டுக்கு ஓட வேண்டாம். ஆழ்கடலுக்குப் போன படகுகள் பெட்டி நிறைத்துத் திரும்பச் சில நாட்கள் பிடிக்கும். அதே நாட்களில் கேரளத்துக்கோ குளச்சல் பக்கமோ திட்டமிட்டால் நேர் எதிராக முடியும். மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே கிழக்குப் பக்கத்துக்கு ஒரு தடைக்காலம், மேற்குப் பக்கத்துக்கு வேறொன்று.

நம்பிக்கை: தடைக்காலத்தில் கடல் மீனே கிடைக்காது, கிடைத்தால் அது பழைய மீன்.

இது மறுபக்கத் தவறு. தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகும் வள்ளமும் கட்டுமரமும் கடலுக்குப் போகும். அருகிலேயே பிடித்துச் சில மணி நேரத்தில் கரைக்குக் கொண்டுவருவார்கள். அளவு குறைவு, விலை அதிகம், ஆனால் துடிக்கிற மீன். மே மாதத்தில்தான் போக முடியும் என்றால் பெரிய துறைமுகத்தை விட்டுவிட்டு, நாட்டுப்படகு கரையேறும் சிறு குப்பத்துக்கு விடிகாலையில் போங்கள். ஏலம் முடிவதற்குள் அங்கே நிற்க வேண்டும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் அன்றைக்கு வலையில் விழுந்ததை வாங்குவது நல்லது.

நம்பிக்கை: பெயரில் ‘ஆர்’ எழுத்து இல்லாத மாதங்களில் சிப்பி தின்னக் கூடாது.

ஐரோப்பாவில் ஆய்ஸ்டர் சிப்பிக்குச் சொல்லும் பழைய விதி இது. ஆங்கில மாதப் பெயரில் அந்த எழுத்து இல்லாத மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நான்கும் விலக்கு. மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது, முழு உண்மை என்று கொள்ளவும் முடியாது. அயர்லாந்தின் நாட்டுச் சிப்பி தட்டையானது. கோடையில் இனப்பெருக்கம் செய்யும். தாய்ச்சிப்பி குஞ்சுகளை ஓட்டுக்குள்ளேயே வைத்துக் காக்கும். அப்போது தின்றால் சதை பாலாகவும் வாயில் நறநறவென்றும் இருக்கும். அதனால் அதைப் பிடிக்கிற பருவம் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான். நம் தடைக்காலத்துக்குச் சொல்கிற அதே காரணம்தான் அங்கேயும். ஆனால் உணவகங்களில் பெரும்பாலும் கிடைப்பது பசிபிக் கடலிலிருந்து கொண்டுவந்து பண்ணையில் வளர்க்கும் வேறொரு இனம். அது பன்னிரண்டு மாதமும் உண்டு.

ஆகவே ஜூலையில் டப்ளின் போகிறவருக்கும் சிப்பி கிடைக்கும், நாட்டுச் சிப்பி கிடைக்காது. கால்வே நகரத்தின் பன்னாட்டுச் சிப்பி, கடலுணவுத் திருவிழாவைச் செப்டம்பர் கடைசி வார இறுதியில் வைத்திருப்பது, பருவம் திறந்த மகிழ்ச்சியைக் கொண்டாடத்தான். 1954இல் தொடங்கிய விழா இது. டப்ளினிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

அங்கே தவறவிடக் கூடாதது உலகச் சிப்பி உடைப்புப் போட்டி. ஒவ்வொருவர் முன்னாலும் 30 சிப்பி. குட்டைக் கத்தியின் நுனியை இரண்டு ஓடும் பொருந்தும் இடுக்கில் செருகி, மணிக்கட்டை ஒரு திருகு. மேல் ஓடு விலகும். உள்ளே ஓட்டைப் பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையைக் கீறாமல், உப்புநீரைச் சிந்தாமல் தட்டில் வைக்க வேண்டும். சதை வெட்டுப்பட்டாலும் ஓட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தாலும் கையில் ரத்தம் பட்டு அது சிப்பியில் தெரிந்தாலும் நேரத்தோடு தண்டனை நொடிகள் கூடும். வேகமாக முடித்தவர் கடைசிக்குப் போவதும் உண்டு. காசிமேட்டில் இறால் உரிக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்து வியந்தவர்களுக்கு இது பிடிக்கும்.

நம்பிக்கை: எலுமிச்சை பிழிந்தால் பச்சைச் சிப்பியில் கிருமி செத்துவிடும்.

சாகாது. எலுமிச்சை சுவைக்கு மட்டுமே. பச்சைச் சிப்பி வழியாக நோரோ வைரஸ் பரவி வாந்தி பேதி வருவது ஐரோப்பாவில் தெரிந்த சங்கதி. சுத்தமான நீரில் சிப்பியை வைத்துக் கழுவும் முறையால்கூட அந்த வைரஸ் முழுதாகப் போவதில்லை. கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், முதியவர்கள் வேகவைத்ததையே கேட்டு வாங்கட்டும். மகளைப் பார்க்கப் போன அம்மா அங்கே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம்.

நம்பிக்கை: டப்ளின் பே பிரான் ஒரு வகை இறால்.

இல்லை. நண்டுக் கொடுக்கு போன்ற நீண்ட முன்கால்கள் கொண்ட, சிங்கி இறால் எனப்படும் லாப்ஸ்டருக்கு நெருங்கிய உயிர் அது. ஓட்டோடு கேளுங்கள், அந்தக் கொடுக்கைப் பார்க்கலாம்.

நம்பிக்கை: சுற்றிலும் கடல் இருப்பதால் அயர்லாந்துக்காரர்கள் மீன் தின்றே வளர்ந்தவர்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். கத்தோலிக்க நாடான அங்கே முன்பு வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்காக இருந்தது, அன்றைக்குத்தான் மீன். அதனால் மீன் என்பது பலருக்கு விரதச் சாப்பாடாகவே மனதில் பதிந்தது. இன்றும் அங்கே பிடிக்கிற கடலுணவில் பெரும்பகுதி பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளுக்குப் போகிறது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகித் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். கடல் பக்கத்தில் இருந்தும் ஏன் என்று நாம் கேட்போம். மேற்குக் கரையில் சீறும் அட்லாண்டிக்கில் ஆழத்துக்குப் போகத் தாங்காத சிறு படகுகள்தான் ஏழைகளிடம் இருந்தன. பசி வந்தபோது கால்வேயின் கிளாடா குப்பத்து மீனவர்கள் வலையையும் படகுச் சாமான்களையும் அடகு வைத்து மாவு வாங்கினார்கள். அதன் பிறகு எதை வைத்து மீன் பிடிப்பது? குவேக்கர் சமயத்தார் பணம் கொடுத்து அவற்றை மீட்டுத் தந்தார்கள். திருவிழா நடக்கிற அதே ஊரின் துறைமுகத்தை ஒட்டித்தான் கிளாடா இருக்கிறது. சிப்பித் தட்டோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

நம்பிக்கை: ஷெங்கன் விசா இருந்தால் அயர்லாந்துக்கும் போகலாம்.

போக முடியாது. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கன் பகுதியில் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்தின் தனி விசா வேண்டும். பெல்பாஸ்ட் ஒரே தீவில்தானே என்று பஸ் ஏறிவிடவும் கூடாது. அது பிரிட்டனின் ஆளுகைக்குட்பட்ட வட அயர்லாந்து. எல்லையில் யாரும் நிறுத்திக் கேட்காமல் இருக்கலாம்; ஆனாலும் பிரிட்டனுக்கான அனுமதி இல்லாமல் போவது சட்டமீறல். இரண்டு நாட்டுக்கும் ஒரே விசா செல்லும் ஏற்பாடு இந்தியர்களுக்கு 2015 முதல் உண்டு. அந்தக் குறிப்பு உங்கள் விசாவில் அச்சாகியிருந்தால்தான் செல்லும், விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்கவும் வேண்டும்.

விண்ணப்பத்தைப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாகவே கொடுக்கலாம். முடிவு வர ஏறக்குறைய 8 வாரம் ஆகலாம். கால்வே விழாவுக்குச் செப்டம்பர் கடைசியில் போக வேண்டுமென்றால் ஜூன் கடைசியில் தாள்கள் தயாராக இருக்க வேண்டும்: பிள்ளையின் அழைப்புக் கடிதம், தங்கும் முகவரி, வங்கிக் கணக்கு விவரம். ஊரில் வஞ்சிரம் சாப்பிட்டுவிட்டுத் துவாரகா திரும்பிய கையோடு செய்ய வேண்டிய வேலை அது. கால்வேயில் அந்த வார இறுதிக்கு அறைகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். விசா கைக்கு வருமுன் முன்பதிவு செய்வதென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பித் தரும் அறையாகப் பார்த்து எடுங்கள்.